சிவப்பு, நீலம், நடுவில் சின்னுசாமி

மனிதன் நிலவில் கால் வைத்த பிறகு மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி சங்ககிரியில்தான் விழுந்தது. துல்லியமாகச் சொன்னால், 1986ஆம் ஆண்டு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சங்ககிரி லாரி உரிமையாளர் மனமகிழ் மன்றத்தின் கூடத்தில். வரலாற்றாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டது அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம். ஊர்க்காரர்கள் இதற்காக யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

அந்த அடியை எடுத்து வைத்தவர் மன்றத்தின் கௌரவச் செயலாளர் சின்னுசாமி. இரண்டு லாரிகளுக்கு உரிமையாளர், வசந்தாமணி என்ற ஒரே மகளுக்குத் தகப்பனார், கந்தம்மாளுக்குக் கணவர். இந்த மூன்று பொறுப்புகளில் கடைசியில் மட்டும் அவருக்கு அதிகாரம் எதுவும் வழங்கப்படவில்லை.

நாட்டை இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக டெல்லியில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. டெல்லி புறப்படும் வரை சங்ககிரி காத்திருக்க முடியாது என்று சின்னுசாமி முடிவு செய்தார். ஜப்பானில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு மூளை கூர்மையாகிறது என்று சலூனில் கிடந்த பத்திரிகையில் அவர் படித்திருந்தார். மன்றத்து உறுப்பினர்களின் மூளையைப் பற்றி அவருக்கு நெடுநாளைய கவலை உண்டு. காலையில் சீட்டுக்கட்டை எடுத்தால் லாரி கவிழ்ந்தது என்று செய்தி வந்தால்தான் எழுந்திருப்பார்கள். அதுவும் யாருடைய லாரி என்று விசாரித்துவிட்டு, தங்களுடையது இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே அவர் மெட்ராசுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன தம் சொந்த லாரியிலேயே ஏறிப் போனார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில், ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஆடித் தீர்த்துக் கப்பலேற்றி அனுப்பிய பெட்டி ஒன்றைப் பிடித்தார். ஆள் உயரம். முன்னால் கண்ணாடித் திரை, அதற்குக் கீழே ஒரு கைப்பிடி, ஒரு பொத்தான். திரையின் அடியில் ஒரு ராக்கெட் நிற்கும். மேலேயிருந்து பூச்சி பூச்சியாக எதிரிகள் இறங்குவார்கள். பொத்தானை அமுக்கினால் சுடலாம். கடையில் போட்டுக் காட்டியபோது ஒரு ராக்கெட்தான் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

திரும்பி வரும்போது பெட்டியை உர மூட்டைகளின் மேல் படுக்க வைத்துக் கட்டினார்கள். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெட்டிக்குள் ‘களுக்’ என்று ஒரு சத்தம். சின்னுசாமி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எருமையைப் பார்த்தார். எருமை யாரையும் பார்க்காமல் நடந்தது. அத்துடன் அந்த விசாரணை முடிவடைந்தது.

திறப்பு விழாவுக்கு மாவட்ட அளவிலான அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எந்தத் துறை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜீப் இருந்தது, அது போதும். மன்றத் தலைவர் அப்புசாமி மேடையில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். இவர் கந்தம்மாளின் சொந்த அண்ணன், அதாவது வசந்தாமணிக்குத் தாய்மாமன். இடப்பக்கம் பொருளாளர் சென்னிமலை உட்கார்ந்தார். இவருடைய மகனுக்குத்தான் வசந்தாமணியைப் பேசி முடித்திருந்தது, ஆவணியில் கல்யாணம். இப்படியாக மன்றத்தின் நிர்வாகமும் சின்னுசாமியின் குடும்பமும் ஒரே பெஞ்சில் அடங்கியிருந்தன.

அதிகாரி நாடாவை வெட்டினார். சின்னுசாமி சுவிட்சைப் போட்டார். திரை விழித்துக்கொண்டது.

மூன்று ராக்கெட்டுகள் நின்றன.

இடப்பக்கம் ஒன்று சிவப்பாக. வலப்பக்கம் ஒன்று நீலமாக. இரண்டுக்கும் நடுவில், விரற்கடை கீழே இறங்கி, ஒன்று பச்சையாக. மேலேயிருந்து இறங்கிய பூச்சிகளும் அதே போல் ஒன்றுக்கு மூன்றாக, கள் குடித்தவன் கண்ணுக்குத் தெரிவது போலத் தெரிந்தன. கூடத்தில் கைதட்டத் தயாராக இருந்த கைகள் பாதி வழியில் நின்றன. சின்னுசாமிக்கு உரமூட்டையும் எருமையும் கண்முன் வந்து போயின.

“என்ன சார், மூணு மூணாத் தெரியுது?” என்று அதிகாரி கேட்டார்.

ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். சின்னுசாமி செயலாளர்.

“மூணு கலர் சிஸ்டமுங்க,” என்றார். “ஜப்பான்லயே இப்பத்தான் வந்திருக்குதுங்க.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பை அரசு ஊழியர் எவரும் நழுவ விடுவதில்லை. இதைப் பற்றித் தானும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு மைக்கைப் பிடித்து, வேற்றுமையில் ஒற்றுமை என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று நிறமும் ஒரே பெட்டிக்குள் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்து மன்றத்தார் பாடம் கற்க வேண்டும் என்றார். மன்றத்தார் கற்றுக்கொண்டார்கள், ஆனால் வேறு பாடத்தை.

அன்று மாலையே முதல் ஆட்டம் நடந்தது. தலைவர் என்ற முறையில் அப்புசாமி முதலில் கைப்பிடியைப் பிடித்தார். மூன்று ராக்கெட்டில் எது நிஜம் என்று அவருக்குக் குழப்பம். சிவப்பைக் குறியாக வைத்துச் சுட்டார். சிவப்புப் பூச்சி ஒன்று வெடித்தது. ‘சிவப்புதான் அசல், மற்ற இரண்டும் நிழல்’ என்று அறிவித்தார். அடுத்து சென்னிமலை பிடித்தார். அவர் கண்ணுக்கு நீலம் எடுப்பாக இருந்தது. நீலத்தை வைத்துச் சுட்டார். நீலப் பூச்சி வெடித்தது. ‘நீலம்தான் அசல்’ என்று அவரும் அறிவித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி. சிவப்பு ராக்கெட் எவ்வளவு தள்ளி நின்றதோ அவ்வளவு தள்ளித்தான் சிவப்புப் பூச்சியும் நின்றது, நீலமும் அப்படியே. எந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டாலும், அதை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் இருந்தால், குறி தப்பாது. ஒரு கொள்கைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஆனால் ஒரு பூச்சி வெடித்தால் மூன்று நிறத்திலும் சேர்ந்தே வெடித்தது. சுட்டது சிவப்பு என்று ஒரு கட்சி குதித்தது; நீலம் என்று இன்னொரு கட்சி குதித்தது. ஆடுபவர் தோற்றால், எதிர்க்கட்சி நிறம் குறுக்கே வந்து கண்ணை மறைத்துவிட்டது என்றார்கள். ஜெயித்தால் தங்கள் நிறம். தோற்றால் அவர்கள் நிறம்.

ஆடி பிறப்பதற்குள் மன்றம் இரண்டாக ‘வளர்ச்சி’ அடைந்தது. சிவப்பணி ஜன்னல் பக்கத்துப் பெஞ்சிலும், நீல அணி கதவுப் பக்கத்துப் பெஞ்சிலும் உட்கார்ந்தன. ஒரே கடையிலிருந்து வந்த டீ இரண்டு தூக்குவாளிகளில் வந்தது. அப்புசாமி தம் லாரிகளின் பம்பருக்குச் சிவப்பு அடித்தார். சென்னிமலை டீசல் டேங்குக்கும் சேர்த்து நீலம் அடித்தார். சீட்டாட்டம் அடியோடு நின்றது. அந்த அளவில் சின்னுசாமியின் சீர்திருத்தம் மாபெரும் வெற்றி.

சின்னுசாமி மட்டும் பச்சை. செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்பதால் நடுவில் நின்ற நிறத்தை எடுத்துக்கொண்டார். அந்த அணியில் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான். சிவப்பணி அவரை நீலத்தின் ஆள் என்றது. நீல அணி அவரைச் சிவப்பின் கைக்கூலி என்றது. இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதே தம் நேர்மைக்கு அத்தாட்சி என்று அவர் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

அந்த மகிழ்ச்சி பந்தல்காரர் வீட்டுக்கு வரும் வரை நீடித்தது.

பந்தலுக்குச் சீரியல் பல்பு என்ன நிறத்தில் போடுவது என்று அவர் கேட்டார். பந்தல்காரர்கள் உலகம் தோன்றிய நாள் முதல் கேட்டுவரும் சாதாரணக் கேள்வி அது. ஆனால் சேதி பரவிவிட்டது. நீல பல்பு எரிகிற பந்தலுக்குள் மாமன் சீர் வராது என்று அப்புசாமி சொல்லியனுப்பினார். சிவப்பு பல்பின் அடியில் தன் பையன் மணையில் உட்கார மாட்டான் என்று சென்னிமலை சொல்லியனுப்பினார். பச்சை பல்பு போடலாமே என்று சின்னுசாமி சமரசம் பேசப் போக, கல்யாண வீட்டையே செயலாளர் தம் கட்சி மாநாடு ஆக்கப் பார்க்கிறார் என்று இருவரும், முதன்முறையாக ஒரே குரலில், சொன்னார்கள்.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணைக்கு அழைத்து வர முடியாது. மாப்பிள்ளை இல்லாமல் முடியவே முடியாது. கந்தம்மாள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, கப்பல்ல வந்த பொட்டிய எத்தன அடி அடிச்சா ஒடையும்?”

“அது மன்றத்துச் சொத்து, கந்தம்மா.”

“எம் பொண்ணு யாரு சொத்துங்க?”

சின்னுசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வசந்தாமணி உள்ளே தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றது. கல்யாணத்துக்கென்று தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை கையிலேயே இருக்க, நிலைப்படி வரை வந்தாள்.

“இதைத் தைக்கட்டுமுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க அப்பா,” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சின்னுசாமி பாதிச் சோற்றிலேயே ‘தை கண்ணு’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குமாரபாளையம் பஸ் ஏறினார்.

குமாரபாளையத்தில் குழந்தைவேல் என்று ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். நெசவுக் குடும்பம், தறியை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுத் திருகுளியைக் கையில் எடுத்தவர். ஈரோட்டுக்கு இந்தப் பக்கம் கலர் டிவியின் உள்ளே கைவிட்டு முழு ஆளாகத் திரும்பியவர் தான் ஒருவரே என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வராதவர்களிடம் கடைக்கு வெளியே வந்து சொல்வார். சின்னுசாமி சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

“மூணு கலர் சிஸ்டமும் இல்ல, முப்பது கலர் சிஸ்டமும் இல்லீங்க. இது கன்வர்ஜன்ஸ் கெட்டுப் போயிருக்குது. பிச்சர் டியூப்புக்குள்ள மூணு துப்பாக்கி இருக்குதுங்க. செவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. மூணும் ஒரே எடத்துல சுட்டாத்தான் வெள்ளை. பாவுல மூணு இழை ஒண்ணா விழுகாம தனித்தனியா ஓடுனா துணி எப்புடிங்க ஆகும்? அதுதான்.”

“சரி பண்ண முடியுமா?”

“நான் இருக்கறனே,” என்றார் குழந்தைவேல்.

ஆனால் மன்றத்துச் சொத்தை மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் திறக்க முடியாது. எனவே ஞாயிற்றுக்கிழமை காலை அவசரப் பொதுக்குழு கூடியது. கன்வர்ஜன்ஸ் பார்க்க ஆள் வந்திருக்கிறார் என்று சின்னுசாமி அறிவித்தபோது, அப்புசாமிக்கு அது ‘கான்பரன்ஸ்’ என்று காதில் விழுந்தது. அவர் மிகவும் மகிழ்ந்து, யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்டார்.

மூன்று நிறத்தையும் ஒன்றாக்கினால் ராக்கெட் ஒன்றாகிவிடும் என்பதைக் குழந்தைவேல் விளக்கினார். ஒற்றுமைக்கு யாரும் எதிரி இல்லை. நீலம் வந்து சிவப்போடு சேர்ந்துகொள்வதில் தங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று சிவப்பணி தீர்மானம் கொண்டு வந்தது. சிவப்பு வந்து நீலத்தோடு சேர்ந்துகொண்டால் மாலை போட்டு வரவேற்பதாக நீல அணி திருத்தம் கொண்டு வந்தது. மெக்கானிக்கின் கருத்தைக் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தவறை அவர்கள் செய்திருக்கக் கூடாது.

“பச்சை அசையாதுங்க,” என்றார் குழந்தைவேல். “டியூப்பு செஞ்சிருக்கறதே அப்படித்தான். செவப்பும் நீலமுந்தான் பச்சைகிட்ட வரோணும்.”

எல்லாத் தலைகளும் சின்னுசாமி பக்கம் திரும்பின. சத்தியமாக அவருக்கு இது முன்னமே தெரியாது. கேட்டதும் ஒரு கணம் மார்பு விரிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மறுகணம் அப்புசாமி எழுந்து நின்றார்.

“ஓகோ. குமாரபாளையம் போயி ஆளைப் புடிச்சிட்டு வந்த காரணம் இப்பத்தான் தெரியுது, மாப்ள.”

“மச்சான், நான் என்னத்தைக் கண்டேன்?”

சென்னிமலை எழவில்லை. உட்கார்ந்தபடியே, சம்பந்தி என்று கூப்பிட நேர்ந்த வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பின் வரிசையிலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அது நகர்ந்த வேகம் நல்லதாக இல்லை. சின்னுசாமிக்குப் பந்தலும் மணையும் ரவிக்கையும் கண்முன் சுழன்றன.

குழந்தைவேல் தன் தொழிலில் நூல் முதலாளிகளுக்கும் தறி முதலாளிகளுக்கும் நடுவே டிவி மாட்டிப் பழகியவர். அவசரமில்லாமல் ஒரு பீடியைக் காதில் செருகிக்கொண்டு, பச்சையை யாரும் பார்க்க வேண்டாம் என்றார். முதல் கட்டமாகச் சிவப்பு பாதி தூரம் வரட்டும், நீலம் பாதி தூரம் வரட்டும். இரண்டும் நடுவழியில் சந்திக்கட்டும். யாரும் யாரிடமும் போக வேண்டியதில்லை. வேண்டுமானால் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

யாரும் யாரிடமும் போகவேண்டியதில்லை என்ற வாசகம் இரு தரப்புக்கும் பிடித்துப்போனது. தீர்மானம் நிறைவேறியது.

பெட்டியின் பின்கதவைத் திறந்தார்கள். முதலில் வேர்க்கடலைத் தோல் கொட்டியது. பிறகு மூன்று ரப்பர் ஆப்புகள் உருண்டு வந்தன. டியூப்பின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புச் சுருளை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியவை அவை. எருமை குறுக்கே வந்த அன்று கழன்றவை. ஆப்பு வைக்காததால்தான் இவ்வளவு கலாட்டா என்று குழந்தைவேல் சொன்னதும் கூடத்தில் சிறு சலசலப்பு. அந்த மன்றத்தில் ஆப்பு வைக்க ஆள் பஞ்சம் என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பெட்டி அரை மணி நேரம் ஓடிச் சூடானால்தான் வேலையைத் தொடங்க முடியும் என்றார் அவர். பொதுக்குழு ஏற்கெனவே சூடாக இருந்தது. பிறகு உள்ளே ஒரு சிறிய சுவிட்சைத் தட்டினார். ராக்கெட் மறைந்து, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடுகள் வந்தன. வெள்ளையாக இருக்க வேண்டிய கோடு ஒவ்வொன்றும் மூன்று நிறத்தில் மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

பின்னால் நின்று வேலை செய்கிறவருக்கு முன்னால் இருக்கும் திரை தெரிய வேண்டுமே? ஜவுளிக்கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று மன்றத்துச் சுவரில் இருந்தது. அதைக் கழற்றித் திரைக்கு எதிரே பிடிக்கச் சொன்னார். சிவப்பணி பிடித்தால் நீல அணி நம்பவில்லை. நீல அணி பிடித்தால் சிவப்பணி நம்பவில்லை. கடைசியில் ஒரு ஓரத்தை அப்புசாமியும் மறு ஓரத்தைச் சென்னிமலையும் பிடித்தார்கள். ஒன்றரை மாதத்தில் அவர்கள் இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றது அப்போதுதான். கண்ணாடி கனமானது. ஒருவர் விட்டால் இன்னொருவர் காலில் விழும். இருவரும் விடவில்லை.

குழந்தைவேல் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலக்கையை மட்டும் உள்ளே விட்டார். பொதுக்குழுவின் முன்னால் இப்படி ஜமீன்தார் போல நிற்பதா என்று அப்புசாமி ஆட்சேபம் தெரிவித்தார். உள்ளே இருபதாயிரம் வோல்ட் இருக்கிறது, இரண்டு கையையும் விட்டால் நெஞ்சு வழியாகப் பாயும் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட உறுப்பினர்கள் அனைவரும், கூடத்தின் கடைசியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் உட்பட, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

டியூப்பின் கழுத்தில் வளையல்கள் போல மெல்லிய காந்த வளையங்கள் இருந்தன. குழந்தைவேல் ஒரு ஜோடியைப் பிடித்து மயிரிழை அளவு விரித்தார். சிவப்புக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது. நீலக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சொந்தப் பிள்ளையைத் தூரதேசம் அனுப்புகிறவர்களைப் போல, தத்தம் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொண்டர் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டே இருந்தார். இரண்டு கோடும் தொட்டன, ஒன்றின்மேல் ஒன்று ஏறின, கத்திரிப்பூ நிறமாயின. பச்சை கீழே தனியாகக் கிடந்தது.

“கத்திரிப்பூவுல செவப்புதான் தூக்கலாத் தெரியுது,” என்றார் அப்புசாமி.

கத்திரிப்பூவே நீல வகை என்றார் சென்னிமலை. விவாதம் தொடங்கியது. கத்திரிக்காய், அதன் பூ, மல்லசமுத்திரம் சந்தைக்கு வரும் ரகங்கள், வெண்கத்திரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அது பல கிளைகளாகப் பிரிந்தது. பொதுக்குழு முழுவதும் கத்திரிக்காயில் மூழ்கியிருந்த நேரத்தில் குழந்தைவேல் அடுத்த ஜோடி வளையத்தைச் சத்தமில்லாமல் திருப்பினார். கத்திரிப்பூக் கோடு மெல்லக் கீழே இறங்கிப் பச்சையின் மேல் உட்கார்ந்தது.

முதலில் பார்த்தவர் சின்னுசாமி. வாயைத் திறக்கவில்லை. அது அவர் அந்தப் பதவியில் செய்த மிகச் சிறந்த காரியம்.

குழந்தைவேல் சுருளை இப்படியும் அப்படியும் சாய்த்து, மூலைகளையும் சேர்த்து, மூன்று ஆப்புகளையும் செருகினார். வளையங்கள் மறுபடி நகராமல் இருக்க நகப்பூச்சை எடுத்தார், சிவப்பு. சென்னிமலை கண்ணாடியை விடப் பார்த்தார். லாரிக்கு நம்பர் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டைக் கொண்டுவந்து அந்தப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. சுவிட்சை மாற்றியதும், திரையின் அடியில் ஒரே ஒரு ராக்கெட் வெள்ளையாக நின்றது. இவ்வளவு சிறியதா என்று எல்லோருக்கும் தோன்றியது.

தலைவர் ஆடினார். இரண்டாவது பூச்சியிலேயே செத்தார். சுற்றிலும் பார்த்தார், குறுக்கே வந்தது என்று சொல்ல எந்த நிறமும் இல்லை. பொருளாளர் ஆடினார். முதல் பூச்சியிலேயே செத்தார். பிறகு சென்னிமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

“ஏனுங்க தலைவரே, நமக்கு இது சுத்தமா வரலீங்களே.”

“வரலதான்,” என்றார் அப்புசாமி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சென்னிமலைக்குத் தொற்றியது. இருவரும் ஒரு தூக்கிலிருந்தே டீ ஊற்றிக் குடித்தார்கள்.

ஆவணியில் கல்யாணம் அமோகமாக நடந்தது. பந்தலில் வெள்ளை பல்பு. அப்புசாமி மாமன் சீரை மேளதாளத்தோடு கொண்டு வந்தார். சென்னிமலை வாசல் வரை போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வசந்தாமணி தான் தைத்த ரவிக்கையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். சின்னுசாமி ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கந்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல அவர் இலையில் இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னாள்.

புரட்டாசியில் மன்றத்தின் சிறப்புப் பொதுக்குழு கூடியது. ஒற்றுமையை ஏற்படுத்தியவருக்குப் பாராட்டு இருக்கும் என்று எதிர்பார்த்த சின்னுசாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அடுத்த தலைவர் பதவி தம்மைத் தேடி வரலாம் என்றும் ஓர் எண்ணம். அப்புசாமியும் சென்னிமலையும் தோள் உரச ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில் தேன் ஒழுகியது. மன்றத்தைப் பிளந்து, உறவைக் கெடுத்து, மாவட்ட அதிகாரியிடமே பொய் சொல்லி, மூன்று கலர் சிஸ்டம் என்ற விஷ விதையை ஊன்றியவரைப் பொறுப்பிலிருந்து நீக்குவது என்று தலைவர் முன்மொழிந்தார். பொருளாளர் வழிமொழிந்தார்.

சின்னுசாமி எழுந்து நின்றார்.

“ஏனுங்க மச்சான், சண்டை போட்டது நீங்க ரெண்டு பேருந்தானுங்களே?”

“அதைத்தான் மறந்துபோட்டு ஒண்ணாயிட்டமே, மாப்ள,” என்றார் அப்புசாமி, மிகுந்த பாசத்தோடு. “மறக்கோணும்னா யாராச்சும் ஒருத்தரு பொறுப்பேத்துக்கோணுமல்ல?”

அதில் இருந்த நியாயத்தைச் சின்னுசாமியால் மறுக்க முடியவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. சங்ககிரி லாரி உரிமையாளர் மனமகிழ் மன்றம் தொடங்கிய நாளிலிருந்து, எதிர்ப்பே இல்லாமல், நடுநிலை என்று ஒருவர்கூட ஒதுங்காமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். கூடத்தில் தூக்காத கை ஒன்றுகூட இல்லை. எல்லோரும் தூக்கும்போது தாம் மட்டும் சும்மா இருந்தால் தவறாக நினைப்பார்களே என்று சின்னுசாமியும் தூக்கியிருந்தார்.